றோட்டு யாருடையது?

கேள்வி: ஐயா, நான் வவுனியாவில் வார இறுதி நாட்களில் பொது முகாமைத்துவ முதுமாணி மாணவர்களுக்கு ‘உள்ளூராட்சி முகாமைத்துவம்’ என்ற பாடத்தைக் கற்பிக்கிறேன். வகுப்பில் 22 பேர். பாதிப்பேர் ஏற்கெனவே அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். மற்றவர்கள் பட்டம் முடித்து வேலை தேடுகிறவர்கள். எல்லாரும் வன்னிப் பிள்ளைகள். பாடத்திட்டத்தில் மூலோபாயத் திட்டமிடல், நல்லாட்சி, அமெரிக்காவின் நகர முகாமையாளர் முறை எல்லாம் இருக்கின்றன. போன கிழமை ஒரு மாணவி எழும்பி, “இதையெல்லாம் படித்து நாங்கள் பிரதேச சபையில் என்னவாகப் போகலாம், மிஸ்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இந்தப் பிள்ளைகளை உள்ளூராட்சி வேலைக்கு உண்மையாகவே தயார்ப்படுத்துவதென்றால் நான் என்ன செய்ய வேண்டும்?
விரிவுரையாளர், வவுனியா

பதில்:

வணக்கம். முதலில் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. பிரதேச சபையில் ‘முகாமையாளர்’ என்று ஒரு கதிரை கிடையாது. முதுமாணிப் பட்டத்தோடு நேராகப் போய் உட்காரக்கூடிய கதிரையும் கிடையாது. சபைச் செயலாளர்களில் பெரும்பாலானோர் முகாமைத்துவ உதவியாளராக, அந்தக் காலத்துப் பேச்சில் கிளாக்கராக, சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர்கள். நானும் அப்படி வந்து, அப்படியே ஓய்வுபெற்றவன்.

கதிரை இல்லையே தவிர, வாசல்கள் உண்டு. நிர்வாக சேவை, கணக்காளர் சேவை, திட்டமிடல் சேவை என்று திறந்த போட்டிப் பரீட்சைகள் இருக்கின்றன. நிர்வாக சேவைக்குள் போகிறவர் ஒருநாள் மாவட்டத்தின் உள்ளூராட்சி உதவி ஆணையாளராகவோ, மாநகர சபை ஒன்றின் ஆணையாளராகவோ வரலாம். வவுனியா நகர சபை மாநகர சபையாகத் தரமுயர்ந்த பிறகு அந்த இரண்டாவது கதிரை வன்னிக்குள்ளேயே வந்துவிட்டது. இன்னொரு வாசல் மாகாணத்தின் முகாமைத்துவ உதவியாளர் பரீட்சை. பட்டதாரிகள் அதைக் கீழான வேலை என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பைத்தான் நீங்கள் முதலில் உடைக்க வேண்டும். மூன்றாவது, 2020இல் 20,000 ரூபா கொடுப்பனவில் பட்டதாரிப் பயிலுனராக எடுபட்டு, பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தரான கூட்டம். உங்கள் வகுப்பில் பாதிப்பேர் அவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்கு வேலை இருக்கிறது; என்ன வேலை என்றுதான் பலருக்கு இன்னும் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு இதை இப்படியே சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளமாட்டாள்.

அமெரிக்க நகர முகாமையாளர் பாடத்தை எடுத்துவிட வேண்டாம், ஒரு வகுப்போடு முடித்துவிடுங்கள். வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்டான்டன் என்ற சிறு நகரம் 1908இல் சம்பளத்துக்கு ஒரு முகாமையாளரை அமர்த்தியது. 1913இல் ஒஹாயோவின் டேட்டன் நகரத்தை வெள்ளம் மூடிய பிறகு அங்கேயும் அந்த முறை வந்தது, பிறகு நாடு முழுக்கப் பரவியது. அங்கே தெரிவுசெய்யப்பட்ட சபை கொள்கையைத் தீர்மானிக்கும், முகாமையாளர் அலுவலைப் பார்ப்பார், பிடிக்காவிட்டால் சபை அவரை வீட்டுக்கு அனுப்பிவிடும். எங்களுடைய 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வேறு கதை. நிறைவேற்று அதிகாரம் தவிசாளரிடம். செயலாளர் நிர்வாகத்தைப் பார்ப்பவர், ஆனால் அவரை அனுப்புவதும் எடுப்பதும் மாகாணம். தவிசாளருக்குச் செயலாளரைப் பிடிக்காவிட்டால் உள்ளூராட்சி ஆணையாளருக்குத் தொலைபேசி எடுப்பார். செயலாளருக்குத் தவிசாளரைப் பிடிக்காவிட்டால் அவரும் ஆணையாளருக்குத்தான் எடுப்பார். இதற்கு நடுவில்தான் தெருவிளக்கு எரிய வேண்டும்.

எங்களிடமும் ஒரு தடவை, ஏறக்குறைய, முகாமையாளர் ஆட்சி நடந்திருக்கிறது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து, ஜூனில் புதிய சபைகள் கூடும்வரை தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. செயலாளர்களே சபையின் அதிகாரத்தை வைத்திருந்தார்கள். அந்த இரண்டு வருடமும் வேலை சுறுக்காக நடந்தது என்று சொல்லும் செயலாளர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கையெழுத்து வேகமாக விழுந்தது உண்மை. ஆனால் ஒரு வட்டாரத்தில் இருபது நாள் தண்ணீர் பவுசர் வரவில்லை என்று மேசையில் அடித்துக் கேட்க ஆளில்லாமல் போனது. உங்கள் மாணவர்களில் ஒருவர் ஆய்வுக்கு விடயம் தேடினால், தன் ஊர்ச் சபையின் அந்தக் காலத்துச் செலவுப் பதிவுகளை முந்திய இரண்டு வருடத்தோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, தயார்ப்படுத்துவது. நான் கிளாக்கராக இருந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்தச் சபை என்பது வேண்டாம்.

மாரிகாலம். ஒரு அம்மா முன்மேசைக்கு வந்தார். அவருடைய வீட்டுக்குப் போகும் வழியில் மதகின் குழாய் உடைந்து றோட்டு அறுத்துக்கொண்டு போய்விட்டது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வழியில்லை என்றார். நான் தலை நிமிராமலே, “அது எங்கட றோட்டு இல்லையம்மா, டீ.எஸ். ஒபிசில் கேளுங்கோ” என்று பிரதேச செயலகத்தைக் காட்டிவிட்டேன். போனார். அங்கே கமநல சேவை நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. அவர்கள், இது பிரதேச சபையின் வேலை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று கிழமை கழித்து அந்த அம்மா திரும்ப என் மேசைக்கு முன்னால் நின்றார். சொப்பிங் பையிலிருந்து கடிதங்களை எடுத்து ஒவ்வொன்றாக அடுக்கினார். எல்லாவற்றிலும் முத்திரை குத்தியிருந்தது. “தம்பி, நீங்கள்தான் முதல் ஆள். இனி யாரிட்டப் போகிறது என்று நீங்களே சொல்லுங்கோ” என்றார்.

அன்றைக்குப் பின்னேரம் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி அந்த இடத்துக்குப் போனேன். சபையில் வீதிப் பதிவேடு இல்லை, இடப்பெயர்வில் போன பொருட்களில் அதுவும் ஒன்று. நாடாவைப் பிடித்து அளந்தோம். பிரதான வீதியிலிருந்து கொஞ்சத் தூரம் சபை கிரவல் போட்ட ஒழுங்கை. அதற்கப்பால் வாய்க்கால் கட்டு, அது நீர்ப்பாசனம். அதையும் தாண்டினால் குடியேற்றத் திட்டத்து வரைபடத்தில் வழி என்று கீறி விட்டிருந்த துண்டு, அது காணியோடு சேர்ந்தது. உடைந்த குழாய் கிடந்த இடம் வாய்க்கால் கட்டும் ஒழுங்கையும் சந்திக்கும் மூலை. எல்லாரும் சொன்னது ஓரளவுக்குச் சரி. யாரும் பொய் சொல்லவில்லை. பிள்ளைகள் மட்டும் பள்ளிக்கூடம் போகவில்லை.

பிறகு நடந்தது பெரிய வித்தையில்லை. மாதாந்த அமர்வில் ஒரு தீர்மானம் எடுத்தோம். நீர்ப்பாசனப் பொறியியலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் போனது. குழாய் உங்களுடையது, ஆளும் ட்ரக்டரும் எங்களுடையது, சம்மதம் மட்டும் எழுத்தில் தாருங்கள் என்று அதில் இருந்தது. சம்மதம் வந்து குழாய் இறங்கும்போது மாரி முடிந்திருந்தது. அடுத்த மாரிக்குத்தான் அது பயன்பட்டது. செலவு சொல்லும்படி இல்லை. அந்த அம்மாவிடம் முதல் நாளே “இருங்கோ, பார்ப்போம்” என்று சொல்லியிருந்தால் அந்த மாரியிலேயே முடிந்திருக்கும்.

என் அனுபவத்தில் வன்னிச் சபை ஒன்றில் வேலை செய்கிறவருக்கு வேண்டிய முதல் அறிவு இதுதான்: கையில் வந்த பிரச்சினை எத்தனை பேருடையது என்று பிரித்துப் பார்ப்பது, பார்த்த பிறகு ‘எங்களுடையதில்லை’ என்று சொல்லாமல் இருப்பது. யாழ்ப்பாணத்து நகரச் சபைகளில் இது இவ்வளவு சிக்கலில்லை. வன்னியில் காடு வன வளத் திணைக்களம், குளமும் வாய்க்காலும் நீர்ப்பாசனம் அல்லது கமநலம், காணி பிரதேச செயலகம். ஏ, பி வகுப்பு றோட்டுகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி வகுப்பு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்சம்தான் சபைக்கு. பாதிச் சனத்துக்குப் பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றுதான். ஒன்று தெரிவுசெய்யப்பட்ட சபை, மற்றது மத்திய அரசின் கிளை என்பதை முதுமாணி மாணவர்களே குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதல் ஒப்படையாக மூலோபாயத் திட்டம் எழுதச் சொல்லாதீர்கள். ஒவ்வொருவரும் தன் ஊரில் பழுதாய்க் கிடக்கிற ஒரு றோட்டை எடுக்கட்டும். ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை நடந்து, எந்தத் துண்டு யாருடையது என்று கீறிக்கொண்டு வரட்டும். கந்தோரில் தகவல் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடட்டும். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும் என்பது சட்டம். மேசைக்கு இந்தப் பக்கம் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதும் அதில் விளங்கும். கடைசியில் சரியான ஆளுக்கு ஒரு பக்கக் கடிதம். ஒன்றரைப் பக்கம் போனால் புள்ளி குறையுங்கள். பதில் வந்த கடிதத்துக்குக் கூடப் புள்ளி போடுங்கள். பல்கலைக்கழக விதிகளில் இதற்கு இடமில்லை என்று உங்கள் துறைத் தலைவர் சொல்லுவார். சொல்லட்டும், ஏதாவது வழி பாருங்கள்.

இரண்டாவது, காசு. பாதீட்டை ஒரு தடவையாவது வரிக்கு வரி வாசித்திராத ஒருவர் உள்ளூராட்சி பற்றி என்ன படித்தும் பலனில்லை. ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதி மாகாணத்தினூடாக மீளளிப்பாக வருகிறது. முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் என்பனவும் அங்கிருந்துதான் கைமாறி வரும், வரும்போது வரும். சபை தானே தேடும் காசு சந்தைக் குத்தகை, கடை வாடகை, வியாபார உரிமக் கட்டணம், ஆதனவரி. இதில் ஆதனவரியைப் பிரதேச சபை நினைத்த இடத்திலெல்லாம் அறவிட முடியாது. அபிவிருத்தியடைந்த பகுதியென்று பிரகடனம் செய்த இடத்தில் மட்டும்தான். பூநகரி, மாந்தை கிழக்கு போன்ற சபைகளின் வரைபடத்தை விரித்து அதில் எவ்வளவு கட்டடமும் எவ்வளவு காடும் வயலும் என்று பார்த்தால் மிச்சம் விளங்கும். பரப்பு பெரிது, வரி வரக்கூடிய இடம் சிறிது. பவுசர் ஓடுகிற தூரமோ பரப்பைப் பொறுத்தது.

வரி கட்டுகிற இடத்திலும் வன்னிக்கென்று ஒரு முடிச்சு இருக்கிறது. இங்கே சனத்தில் பெரும்பங்கு இருப்பது உறுதிக்காணியில் இல்லை, பெர்மிட் காணியில். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம். அதில் தாத்தாவின் பெயர் இருக்கும். அவர் காலமாகி இருபது வருடம். அவருக்குப் பிறகு காணி சேர வேண்டியவராக, பின்னுரித்தாளியாக, போட்ட மகன் 2009க்குப் பிறகு இல்லை, இல்லையென்றும் எழுத முடியாது. வீட்டில் இருப்பது மருமகள். ஜனவரியில் அவர் வரி கட்ட வருகிறார். முழு வருடத்து வரியையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு, அதற்காகவே வருகிறவர்கள் அதிகம். “யாருடைய பெயரில் பற்றுச்சீட்டு எழுதுவது?” என்று கிளாக்கர் கேட்கிறார். அந்தப் பெண் பேசாமல் நிற்கிறார்.

ஆதனவரிப் பற்றுச்சீட்டு காணிக்கு உரித்து ஆகாது. அதைச் சட்டம் தெரிந்த எவரும் ஒரு வரியில் சொல்லிவிடுவார். ஆனால் மூன்று தடவை இடம்பெயர்ந்து, எல்லாக் கடதாசியையும் தொலைத்துவிட்டு வந்த குடும்பத்துக்குத் தன் பெயர் எழுதி அரச முத்திரை விழுந்த எந்தக் கடதாசியும் பெரிய கடதாசிதான். பெயரை நினைத்தபடி மாற்றினால் நாளைக்குக் கணக்காய்வில் மட்டுமல்ல, நீதிமன்றத்திலும் நிற்க வேண்டி வரும். மாற்றமாட்டேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அந்தப் பெண் அடுத்த வருடம் வரமாட்டார், நிலுவைப் பட்டியலில் இன்னொரு வரி கூடும். நல்ல கிளாக்கர் என்ன செய்வார்? இருக்கிற பெயரில் பற்றுச்சீட்டை எழுதி, கட்டியவரின் பெயரையும் அதிலே குறிப்பிட்டு, பெர்மிட் பெயர் மாற்றத்துக்குப் பிரதேச செயலகத்தில் காணிப் பகுதியில் யாரைக் காண வேண்டும், என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து அனுப்புவார். இரண்டு நிமிட வேலை. எந்தப் பாடத்திட்டத்திலும் நான் இதைக் கண்டதில்லை.

மூன்றாவதாக ஒன்றை வகுப்பில் விவாதத்துக்குப் போடுங்கள்: கட்டாக்காலி மாடு. ஏ9 வீதியில் இரவில் மாங்குளம் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டுப்பாருங்கள். பத்தில் எட்டுப்பேர் தண்டப்பணத்தைக் கூட்டலாம் என்பார்கள். நாங்களும் கூட்டினோம். ஆள் போட்டு மாடு பிடித்து, சபை வளவில் கட்டி, வைக்கோலும் தண்ணீரும் சபைச் செலவில் வைத்து, அடுத்த நாள் உரிமையாளர் வந்து திட்டிக்கொண்டே காசைக் கட்டி அவிழ்த்துக்கொண்டு போவார். மூன்றாம் நாள் அதே மாடு அதே வளைவில் படுத்திருக்கும். வெள்ளை நெற்றி என்று எங்கள் காவலாளி அதற்குப் பெயரே வைத்திருந்தார்.

காலபோகம் விதைக்கும்போது மாடுகள் வயலைவிட்டு வெளியேற வேண்டும். முன்பு போன மேய்ச்சல் தரைகளில் சில இப்போது குடியிருப்பு, சில வன வளத் திணைக்களத்தின் எல்லைக் கல்லுக்குள். மாட்டுக்குப் போக மிச்சமிருப்பது றோட்டுக்கரைப் புல். எந்தத் திகதிக்குள் கால்நடைகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று தீர்மானிப்பது குளத்துக்குக் குளம் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில். அங்கே கமக்காரர், நீர்ப்பாசனம், கமநலம், பிரதேச செயலாளர் எல்லாரும் இருப்பார்கள். சபையிலிருந்து போவது குறைவு, போனாலும் ஒரு கிளாக்கர் கடைசி வரிசையில் இருந்துவிட்டு வருவார். மாடுகள் எங்கே போகும் என்று அந்தக் கூட்டத்தில் கேட்டு, மேய்ச்சல் தரைக்கு ஒரு தீர்மானம் எடுக்க வைக்காவிட்டால் சபையின் கையில் இருப்பது கயிறு மட்டும்தான். பாடப்புத்தகங்கள் சொல்லும் ‘பங்குதாரர்களின் பங்கேற்பு’ என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பிள்ளைகளை ஒரு தடவை அப்படியான கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கமக்காரர் சத்தம் போடுவார்கள், பயப்பட வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. சிங்களம் கட்டாயம். 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவைக்கு வந்தவர் குறித்த காலத்துக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. சுற்றறிக்கையை விடுங்கள். கொழும்பிலிருந்து வரும் கடிதத்தை மொழிபெயர்க்க ஆள் தேடுவதற்குள் விண்ணப்பத் திகதி முடிந்து போன திட்டங்களை நான் எண்ணியிருக்கிறேன். வவுனியாவில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பேசிப் பழக அயலிலேயே ஆட்கள் இருக்கிறார்கள், கிளிநொச்சியில் அது கஷ்டம்.

கூட்டறிக்கை எழுதப் பழக்குங்கள். 2018இல் வட்டாரத்துக்கு 60 வீதம், விகிதாசாரத்துக்கு 40 வீதம் என்ற கலப்புத் தேர்தல் முறை வந்ததிலிருந்து எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத சபைகள் பெருகிவிட்டன. தவிசாளர் ஒரு கட்சி, உப தவிசாளர் இன்னொன்று, பாதீட்டன்று கை உயர்த்துவது மூன்றாவதைப் பொறுத்தது. இப்படியான சபையில் யார் என்ன சொன்னார் என்பதை நடுநிலையாக, சண்டையை விட்டுவிட்டு முடிவை மட்டும் எழுதத் தெரிந்தவர் தங்கம். 25 வீத ஒதுக்கீட்டில் வந்த பெண் உறுப்பினர்கள் பேசியதைக் கூட்டறிக்கையில் ‘பலரும் கருத்துத் தெரிவித்தனர்’ என்று ஒரு வரியில் மூடிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதையும் காட்டிக்கொடுங்கள்.

கணக்காய்வாளர்கள் விளக்கம் கேட்டு அனுப்பும் ஐயவினாவுக்குப் பதில் எழுதுவது இன்னொரு கலை. ‘எதிர்காலத்தில் கவனிக்கப்படும்’ என்று எழுதினால் அடுத்த வருடம் அதே ஐயவினா திரும்ப வரும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, எந்தத் திகதிக்குள் எப்படிச் சரிசெய்யப்படும், அவ்வளவுதான். ஒரு சபையில் வெளிநாட்டு உதவியில் அழகான கட்டடம் ஒன்று எழும்பியது. கட்டடத்தைப் பராமரிக்க அடுத்த பாதீட்டில் ஒரு சதமும் ஒதுக்கவில்லை. கூரை ஒழுகியபோது வந்த ஐயவினாவுக்குப் பதில் எழுத ஆறு பேர் கூடியிருந்தோம். கட்டடம் எழும்பியபோது பராமரிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பயிற்சி இணைப்பு பற்றி. உங்கள் வகுப்பில் 22 பேர். வடக்கின் 34 உள்ளூராட்சி சபைகளில் சரிபாதி, 17, வன்னியில்: கிளிநொச்சியில் 3, முல்லைத்தீவில் 4, வவுனியாவிலும் மன்னாரிலும் ஐந்தைந்து. சபைக்கு ஒருவர், பெரியவற்றுக்கு இருவர் என்று போட்டால் கணக்குச் சரி. ஏற்கெனவே அரச வேலையில் இருக்கிறவரைத் தன் சொந்தக் கந்தோருக்கு விடாதீர்கள், வேறு சபைக்கு அனுப்புங்கள். வேலை இல்லாத பிள்ளையை அவரோடு சோடி சேருங்கள். கந்தோர் நடைமுறை அவருக்குத் தெரியும், அவர் கேட்க மறந்த கேள்விகளை இவர் கேட்பார்.

போன இடத்தில் மடிக்கணினியோடு திட்டமிடல் அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். ‘பட்டதாரிப் பிள்ளை’ என்று மரியாதையாகத்தான் செய்வார்கள், ஆனால் அதில் ஒன்றும் படிக்க முடியாது. முன்மேசைக்கு விடச் சொல்லி நீங்களே செயலாளரிடம் கேளுங்கள். ஜனவரியில் இரண்டு கிழமை, வரி கட்ட சனம் வரும் நேரம். பிறகு மழை நாட்களில் ஒரு கிழமை, வடிகால் துப்புரவுக்குப் போகும் ட்ரக்டரில். 2018 டிசம்பரில் இரணைமடுவின் கதவுகள் திறந்து கிளிநொச்சியில் வெள்ளம் ஏறியபோது, சமைத்த சாப்பாடும் நிவாரணப் பதிவும் பிரதேச செயலகத்தின் பக்கம், அடைத்த வாய்க்காலை வெட்டுவதும் குப்பை அள்ளுவதும் சபையின் பக்கம் என்று வேலை பிரிந்து நடந்தது. அப்படிப் பிரிவதை நேரில் பார்த்த பிள்ளைக்கு மேலே சொன்ன றோட்டுக் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கோடையில் விட முடிந்தால் தண்ணீர் பவுசரோடு ஒரு நாள். எந்த வீட்டில் எத்தனை பீப்பாய், யார் தண்ணீர் வந்த சத்தத்துக்கு ஓடிவருகிறார்கள், யார் வருவதில்லை என்று சாரதிக்குத் தெரிந்தது செயலாளருக்குத் தெரியாது. அவரோடு முன்சீற்றில் இருக்கச் சொல்லுங்கள்.

அனுமதிக்கு நான்கு மாவட்டங்களின் உள்ளூராட்சி உதவி ஆணையாளர்களுக்கும் தனித்தனியாக எழுதுங்கள், பிரதி மாகாண ஆணையாளருக்கு. ஒக்டோபருக்குள் கடிதம் போய்விட வேண்டும். நவம்பர், டிசம்பரில் சபைகள் பாதீட்டில் மூழ்கியிருக்கும், உங்கள் கடிதம் யாருடைய மேசையிலாவது பைல்களுக்கு அடியில் போய்விடும். கடிதம் போய் இரண்டு கிழமைக்குப் பிறகும் பதில் இல்லையென்றால் தொலைபேசி எடுக்காதீர்கள், நேரே போங்கள். அந்தக் கேள்வி கேட்ட பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.